முதல் மொழிபெயர்ப்பு தமிழிலிருந்து தமிழுக்கு: இராமநாதபுரம் கடற்கரையில் சுகாதாரச் செய்தி சொல்ல வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட ஒரு நவம்பர் மாலையில், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியில் ஓர் அறிவிப்பு ஒட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு இந்தி தெரியாது. கைப்பேசியிலிருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் "பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று தட்டி, வந்ததை அப்படியே அச்செடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போனபோது, கொஞ்சம் தமிழ் பேசத் தெரிந்த ஒரு தொழிலாளி, "சார், என்ன மிருகம் பிடிச்சாங்க?" என்று கேட்டார். கூண்டு 'பிஞ்ஜரா' ஆகியிருந்தது. கிளியையும் புலியையும் அடைக்கும் கூண்டைத் தவிர அந்தச் சொல்லில் அவர்களுக்கு வேறொன்றும் தோன்ற வழியில்லை. புயல் என்ற சொல்லே நான் எழுதிய வாக்கியத்தில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. கூண்டு என்றாலே புயல் என்று புரிந்துகொள்ளும் ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு நான் எழுதியிருந்தேன்.

கிராம சுகாதார செவிலியராகவோ, ஊராட்சிப் பணியாளராகவோ, பேரிடர்க்காலத் தன்னார்வலராகவோ, களப்பணி மாணவராகவோ இந்தக் கடற்கரைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே சிலவற்றைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு இந்த வரிசையில் நான்காவதாகத்தான் வருகிறது. அதை முதலில் செய்யப்போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

யாருடைய காதுக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரைக்கும் நீளும் இந்தக் கரையில் தமிழ் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள் பலர். ராமேஸ்வரத்தில் அமாவாசைக்கு முதல் நாள் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். இந்தி, தெலுங்கு, கன்னடம், மராத்தி, வங்காளம், குஜராத்தி எல்லாம் காதில் விழும். ஏர்வாடி தர்காவுக்கு மலையாளமும் உருதுவும் தெலுங்கும் பேசுகிறவர்கள் வந்து, சில நாட்கள் அல்ல, சில மாதங்கள்கூடத் தங்குகிறார்கள். ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கோவில் தெருக்களில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசும் வாக்ரிபோலிக்குத் தனி எழுத்தே கிடையாது. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயரை அரசு 2021-இல் மாற்றிவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பின் முதல் வரியிலேயே பழைய பெயரைப் போட்டுவிட்டு இரண்டாவது வரியை அவர்கள் நம்பிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இத்தனை மொழியிலும் அச்சடிக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பரமக்குடிப் பக்கத்துச் சௌராஷ்டிரர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும் தமிழில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தனி அறிவிப்பு தேவைப்படாது. ஆகவே ஒருவரிடம் "எந்த மாநிலம்?" என்று கேட்டு மொழியை நீங்களே ஊகிக்காமல், இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குப் போன் போட்டால் எந்த மொழியில் பேசுவீர்கள் என்பது ஒன்று. எந்த எழுத்தைத் தடங்கலில்லாமல் படிப்பீர்கள் என்பது மற்றொன்று. பீகாரிலிருந்து வந்தவர் போஜ்புரியிலோ மைதிலியிலோ பேசி இந்தி எழுத்தைப் படிக்கக்கூடும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு இந்தி பேசினால் புரிந்தும், படிக்க வராமல் போகக்கூடும். சிலருக்கு எந்த எழுத்துமே வராது, அதைக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். கேட்கும் மொழி, படிக்கும் எழுத்து, தங்கும் இடம், கையில் ஸ்மார்ட்போன் உண்டா என்ற நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வார்டுக்கு ஒரு நாள் நடந்தால் போதும். காது கேளாதவர்கள் இருக்கும் வீடுகளையும் அதே குறிப்பேட்டில் குறித்துவிடுங்கள். ஒலிபெருக்கி அவர்களுக்கு எதையும் சொல்லாது.

தமிழைத் தமிழாக்குங்கள்

என் அனுபவத்தில் அதிகத் தவறு நேர்வது இந்த இடத்தில்தான், ஆகவே இங்கே கொஞ்சம் அதிகம் நிற்கிறேன். நமக்கு வரும் சுற்றறிக்கை தமிழில்தான் இருக்கும். ஆனால் அந்தத் தமிழை இக்கரையில் ஒருவரும் பேசுவதில்லை. அதை அப்படியே வேற்றுமொழிக்குக் கொண்டுபோனால், நமக்கே பிடிபடாததைப் பத்துப் பேருக்குப் பரப்பியதாகும்.

புயல் கூண்டையே எடுத்துக்கொள்வோம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். 1-உம் 2-உம் தொலைவில் உருவான காற்றழுத்தத் தாழ்வையும் புயலையும் குறிப்பவை. 3-உம் 4-உம் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்று சொல்பவை. அதற்குமேல் கணக்கு மாறுகிறது. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே நிலை ஆபத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தை எந்தப் பக்கமாக விட்டுக் கடக்கிறது, அல்லது துறைமுகத்துக்கு மேலேயே கடக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 ஆகியவை அதே வரிசையில் பெரும் ஆபத்தைக் குறிப்பவை. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. இது தெரியாமல் "நேற்று 7, இன்று 6, ஆபத்து குறைந்துவிட்டது" என்று யாராவது ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மக்களுக்குச் சொல்லும்போது எண்ணை விட்டுவிட்டு, "புயல் வருகிறது, இதைச் செய்யுங்கள்" என்று சொல்வதே நல்லது. எண் துறைமுகத்துக்கும் படகோட்டிகளுக்கும் உரியது.

மழையின் பெயர்களும் இப்படித்தான். வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. எழுத்தில் தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு, இரைச்சலுக்கு நடுவே ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் வரும்போது மூன்றும் ஒன்றாகக் காதில் விழுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு, "அதி கனமழை" என்பதைக் காட்டிலும் "2024 நவம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அதுபோல" என்று ஊரறிந்த ஆண்டையும் மாதத்தையும் சொல்லி நினைவூட்டினால் அடுத்த வினாடியே அரிசி மூட்டை பரணில் ஏறிவிடும். ஆனால் அந்த நினைவு புதிதாக வந்த தொழிலாளிக்குக் கிடையாது. அவருக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மீனவர்களிடம் திசையைச் சொல்லும்போது அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைப் பயன்படுத்துங்கள். மேற்கிலிருந்து வருவது கச்சான், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பாக் நீரிணை அவர்கள் பேச்சில் வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். அதே சமயம் புதுச் சொல் எல்லாவற்றையும் ஒதுக்கவும் வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இப்போது தன் எச்சரிக்கைகளில் 'கள்ளக்கடல்' என்று சொல்கிறது. அது கேரள மீனவர்களின் சொல். எங்கோ தொலைவில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் கரையேறுவதைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கள்ளன்போல் வரும் கடல் என்று ஒருமுறை விளக்கிவிட்டால் பிறகு யாரும் மறப்பதில்லை. சுனாமி என்ற சொல்லும் 2004 டிசம்பர் 26-க்கு முன்பு இங்கே யாருக்கும் தெரியாது. இன்று 'ஆழிப்பேரலை' என்று எழுதினால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீரிழிவை 'சுகர்' என்றும், உயர் இரத்த அழுத்தத்தை 'பிரஷர்' என்றும், காசநோயை 'டிபி' என்றும் எழுதத் தயங்காதீர்கள். இந்தச் சொற்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: மலையாளியும் இந்திக்காரரும் இவற்றை அப்படியே புரிந்துகொள்கிறார்கள்.

சொறி என்ற சொல்லில் நான் ஒருமுறை தடுக்கினேன். சுகாதாரத்துறை வழக்கில் அது தோல்நோய். கடல்காரர்கள் வாயில் அது ஜெல்லி மீன். "சொறி பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள்" என்று பொதுவாக எழுதியிருந்ததை, கடலில் சொறி பட்டு வந்த ஓர் இளைஞர் அப்படியே செய்து எரிச்சலைக் கூட்டிக்கொண்டார். சொறிமீன் பட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. கடல் நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஒரே சொல் இரண்டு வேலை செய்யும் ஊரில் எந்தச் சொறி என்ற அடையாளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மண்டபம் முகாமில் பேசப்படுவதும் தமிழ்தானே என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். அங்குள்ள பெரியவர்களுக்குக் கொசு நுளம்பு, மாத்திரை குளிசை, சளி பிடிப்பது தடிமன், வாந்தி சத்தி, பேதி வயிற்றோட்டம். மஞ்சள் காமாலை அவர்கள் வழக்கில் செங்கண்மாரி, டைபாய்டு நெருப்புக் காய்ச்சல், வெறிநாய் விசர் நாய். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும். 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி அரிச்சல்முனைக் கரையில் வந்திறங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டெங்கு பற்றி நான் பத்து நிமிடம் பேசி முடித்த பிறகு ஓர் அம்மா, "நுளம்பைத்தானே தம்பி இவ்வளவு நேரமும் சொன்னீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்தான் நம்முடையதைவிடச் சிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது: நாம் 'காய்ச்சிய நீர்' என்கிறோம், அவர்கள் 'கொதிச்சாறின தண்ணி' என்கிறார்கள். கொதிக்கவும் வேண்டும், ஆறவும் வேண்டும் என்ற இரண்டு கட்டளையும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் நாளின் கணக்கைக் கவனியுங்கள். காலை, மதியம், இரவு என்று எழுதிய மாத்திரைச் சீட்டு நோன்பு மாதத்தில் பயன்படாது. சஹர் நேரம், நோன்பு திறக்கும் நேரம் என்று எழுதினால்தான் பொருந்தும். சுகர் மாத்திரையின் அளவை அவர்களாக மாற்றிக்கொள்ளாமல், நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளும்படி ஜமாஅத் மூலமாகச் சொல்ல வேண்டும்.

செய்தியைச் செயலாக எழுதுங்கள்

வழக்கமான சுற்றறிக்கை இப்படி இருக்கும்: "ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக, தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எது தாழ்வு, எது பாதுகாப்பு, எப்போது என்ற மூன்றுக்கும் இதில் விடையில்லை. தாம் இருப்பது தாழ்வான பகுதி என்று யாரும் தாமாக ஒப்புக்கொள்வதும் இல்லை. கொட்டகைத் தொழிலாளர்களுக்காகப் பிறகு நான் எழுதியது இது:

"புயல் வருகிறது. டிசம்பர் 3, புதன்கிழமை மாலை 5 மணிக்குள் கொட்டகையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். ஆதார் அட்டை, போன், தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சோறும் தண்ணீரும் உண்டு. பணம் கேட்க மாட்டார்கள். ஆதார் இல்லாவிட்டாலும் உள்ளே விடுவார்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்களை முதல் தடவை நான் எழுதவில்லை. அவர்கள் கொட்டகையை விட்டு நகராததற்கு மொழி காரணமில்லை, பணமும் அட்டையும் கேட்பார்கள் என்ற பயமே காரணம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் சேர்த்தேன். இவ்வாறு எழுதுமுன், அட்டை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; வாசலில் பொய்யாகிப்போன ஓர் அறிவிப்புக்குப் பிறகு உங்கள் அடுத்த அறிவிப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தடை சொல்லும்போது மாற்றையும் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் "கடலில் குளிக்காதீர்கள்" என்ற பலகை, குளிப்பதற்காகவே ஆயிரம் மைல் பயணம் செய்து வந்தவரிடம் தோற்றுப்போகும். அரிச்சல்முனையில் இரண்டு கடல்களின் நீரோட்டம் இழுக்கும், அக்னி தீர்த்தத்தில் நீராடலாம், அங்கும் இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவது

தமிழ் செம்மையான பிறகு மொழிபெயர்ப்புக்கு வாருங்கள். மேஸ்திரி கையருகே இருப்பார். இரண்டு மொழியும் பேசுவார். ஆனால் விபத்து, கூலி, காய்ச்சலுக்கு விடுப்பு ஆகியவற்றில் அவருக்கும் தொழிலாளிக்கும் நலன் ஒன்றாக இருக்காது. "இரண்டு நாள் ஓய்வெடுங்கள்" என்று நீங்கள் சொன்னது அவர் வாயில் "மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வா" என்று மாறினால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளையும் பயன்படுத்தாதீர்கள்; தாயின் கர்ப்பம், தந்தையின் டிபி போன்றவற்றைப் பத்து வயதுப் பிள்ளை வழியாகப் பேசுவது முறையன்று. பெண்களின் உடல்நலம் பற்றிய செய்திக்குப் பெண்ணே வேண்டும். பல ஆண்டுகள் இங்கே தங்கிக் கடை வைத்தவர், வடமாநிலப் பக்தர்களை அன்றாடம் கையாளும் விடுதி ஊழியர், கேரளத்திலிருந்து ஏர்வாடிக்கு வந்து நிலைத்துவிட்ட குடும்பத்துப் பெண் ஆகியோரே எனக்கு நல்ல துணையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள்; இலவசம் என்றால் இரண்டாவது தடவை வர மாட்டார்கள்.

ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் என் கூண்டு சுவருக்கே போயிருக்காது. செயலியை நான் இன்னும் பயன்படுத்துகிறேன், முதல் நகலுக்கு மட்டும். அதற்கும் எழுவாய், செயல், இடம் எல்லாம் உள்ள சின்ன வாக்கியமாகத் தர வேண்டும். ஆட்கள் கிடைக்காத இரவில் நம்பகமான ஒருவரின் குரலைப் பதிவு செய்து அனுப்புவது, செயலி எழுத்தைவிட எவ்வளவோ மேல்.

எண்ணும் நாளும்

மொழி சரியாக இருந்தும் எண்ணில் கோட்டை விடுவது உண்டு. இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். தமிழிலும் 'நாளை' என்று பதிவு செய்த குரல், மறுநாள் இன்னொரு குழுவுக்குப் போகும்போது தவறாகிவிடும். எப்போதும் தேதியும் கிழமையும் நேரமும் சொல்லுங்கள். எச்சரிக்கை எதுவரைக்கும் என்பதையும் சொல்லுங்கள். வங்க எழுத்தில் 4 என்ற இலக்கம் நம் கண்ணுக்கு 8 போலவும், 7 என்பது 9 போலவும் தெரியும். ஆகவே தொலைபேசி எண்களை எல்லா மொழி அறிவிப்பிலும் நாம் வழக்கமாக எழுதும் இலக்கங்களிலேயே எழுதுங்கள்: ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, மனநல உதவிக்கு 14416.

எண்ணைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. 108-ஐ அழைத்தவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஆகவே கொட்டகை வாசலில் அந்த இடத்தின் பெயரையும் பக்கத்து அடையாளத்தையும் தமிழிலும், அவர்கள் படிக்கும் எழுத்தில் தமிழ் ஒலிப்பாகவும் பெயின்டால் எழுதி வையுங்கள். அவர் அதை வாசித்தாலே போதும், ஓட்டுநருக்குப் புரிந்துவிடும்.

நாய்க்கடி ஊசி அட்டையில் 0, 3, 7, 28 என்று இருக்கும். பூஜ்ஜியமாவது நாள் எது என்று கேட்காதவர் இல்லை. முதல் ஊசி போட்ட நாளையே அது குறிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட, நான்கு தேதிகளையும் நாட்காட்டி பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதையும், "ஒரு பாட்டு முடிந்து இன்னும் இரண்டு பாட்டு" என்று சொன்னால் கடிகாரம் இல்லாத இடத்திலும் செய்கிறார்கள்.

படங்களைப் பற்றி ஒன்று மட்டும்: உருது படித்தவர் வலமிருந்து இடமாகப் பார்ப்பார். நோய், மருந்து, குணம் என்ற மூன்று படங்களுக்கும் அம்புக்குறியும் எண்ணும் இல்லாவிட்டால் நன்றாக இருந்தவர் மருந்து சாப்பிட்டுப் படுத்துவிட்ட கதையாகிவிடும்.

எந்த நேரத்தில், எந்த வழியில்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர் செய்தி ஒட்ட எளிய இடம். ஏற்கெனவே நோயோடு வந்தவர்கள்தான் அதைப் படிப்பார்கள். விசைப்படகுக்காரர்கள் மீன்வளத்துறை டோக்கன் வாங்க வருமிடம், நாட்டுப்படகு கரை சேரும் நேரத்து ஏலக்கூடம், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பள்ளிவாசல், ஞாயிறு பூசை முடிந்த தங்கச்சிமடம் மாதா கோவில் வாசல் ஆகியவையே நம் இடங்கள். பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியை 90.4-இல் கேட்கலாம், கடலில் இருப்பவர் காதுக்கும் எட்டும் வழி அது. பக்தர்களுக்கோ ஆட்டோக்காரர், விடுதி வரவேற்பாளர், தனுஷ்கோடி வேன் ஓட்டுநர் ஆகியோரே செய்தித்தாள். அவர்களுக்கு ஆளுக்கு ஐந்து வாக்கியம் இந்தியிலும் தெலுங்கிலும் சொல்லப் பழக்கிவிட்டால், ஆயிரம் நோட்டீஸ் மிச்சம்.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்குத் திருக்கை முள் குத்தியதற்கான முதலுதவி சொல்லப் போனேன். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருந்தேன். விடியுமுன்பே வள்ளத்தில் தீவுப் பக்கம் போகிறவர்கள் அந்த நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை அவர்கள் கரையேறும் நேரத்துக்குப் போனேன். விரல்களில் சுற்றிய துணிப்பட்டையை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே கேட்டார்கள். குத்திய இடத்தைக் கை தாங்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி அடங்கும் என்றேன். ஓர் அக்கா துணியை உதறிவிட்டு, "தீவுல வெந்நீருக்கு எங்க தம்பி போறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் நாங்கள் சேர்ந்து முடிவு செய்தது இது: குத்துப்பட்டவரை உடனே வள்ளத்தில் ஏற்றுவது, வரும்போதே வீட்டுக்குப் போன் செய்து அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்வது, சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துவிட்டே அமிழ்த்துவது, வயிற்றிலோ நெஞ்சிலோ முள் நின்றிருந்தால் பிடுங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவது. புத்தகத்தில் இருந்த குறிப்பைவிட இது நல்ல குறிப்பு.

ஏர்வாடியில் நிதானம் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் வெளியேற முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் பாதுகாப்பு பற்றிப் பேசும் எவரும் அதை மறக்க முடியாது. அதற்காக, மனநலம் சரியாக வேண்டித் தர்காவுக்கு வந்திருக்கும் குடும்பத்திடம் அதை வைத்துப் பேச்சைத் தொடங்குவதும் சரியாகாது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றாக நடக்கும் அங்குள்ள ஏற்பாட்டுக்குத் 'தவா-துவா' என்று பெயர். உருதுவில் தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதற்கு வா என்று சொல்லாததால் அந்தப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மனநோயாளி என்ற சொல்லை ஒலிபெருக்கியில் ஒருபோதும் சொல்லாதீர்கள். "தூக்கம் வராதவர்கள், தானாகப் பேசுகிறவர்கள், சாப்பிட மறுப்பவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள்" என்று அந்தந்த மொழியில் சொல்லுங்கள்.

திரும்பச் சொல்லக் கேளுங்கள்

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லா மொழியிலும் "ஆமாம்" என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக, "உங்கள் தம்பி போனில் கேட்டால் என்ன சொல்வீர்கள், சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். செய்து காட்டச் சொல்வது இன்னும் நல்லது. வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு கொட்டகையில் விளக்கினேன்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்தியில் ஒருவர் அழகாக மொழிபெயர்த்தார், எல்லோரும் தலையாட்டினார்கள். செய்து காட்டச் சொன்னபோது ஒருவர் குழம்புக் கரண்டியை எடுத்தார். அங்கே டீஸ்பூனே இல்லை. இந்தியில் கரண்டியைக் குறிக்கும் 'சம்மச்' என்றால் அவர்கள் கையில் இருந்தது அதுதான். அந்த அளவில் உப்புப் போட்டால் குழந்தைக்கு ஆபத்து. அன்று முதல் பொட்டலத்தில் வரும் ஓஆர்எஸ் பொடியையே கொடுத்து, முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொட்டச் சொல்கிறேன். பாட்டிலின் அளவு எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒன்றே. ஆனால் சிறிய பொட்டலங்களும் விற்பனையில் உண்டு என்பதால், உறையில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஐந்து பேரிடம் திரும்பச் சொல்லக் கேட்டு, அதில் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், தவறு உங்கள் வாக்கியத்தில் இருக்கிறது. அதை மாற்றிவிட்டே அச்சுக்குக் கொடுங்கள்.

கூண்டு இறங்கிய பிறகு

தவறாகச் சொல்லிவிட்டது தெரிந்தால், முதல் செய்தி போன அதே வழியில், அதே குரலில், "நேற்று நான் சொன்னதில் இது தவறு, இது சரி" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் நோட்டீஸை மட்டும் மாற்றினால் இரண்டும் ஊரில் உலவும். வாட்ஸ்அப்பில் பழைய புயல் எச்சரிக்கை மறுபடி சுற்றத் தொடங்கினால், அதைத் தேதியைச் சுட்டிக்காட்டி மறுக்க உங்கள் குறிப்பேடு உதவும். எந்தச் செய்தி, எந்த மொழியில், எந்த நாளில், யார் குரலில் போனது என்று அதில் இருக்க வேண்டும். சொற்களுக்கும் அதே குறிப்பேட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். கூண்டு, சொறி, நுளம்பு, சம்மச் என்று என்னுடையது தொடங்குகிறது.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலும் எல்லோரும் மறப்பது. அடுத்த ஆண்டுப் புயலில் நான் சரியாக மொழிபெயர்த்த அறிவிப்பைக் கேட்டு, அந்தத் தொழிலாளர்கள் சொன்ன நேரத்துக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். புயல் கடந்து, கூண்டு இறக்கப்பட்டு, ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டுக்குப் போன மறுநாள் மதியம் எதற்கோ அந்தப் பக்கம் போனேன். பதினோரு பேர் வராந்தாவில் தங்கள் பிளாஸ்டிக் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். போகலாம் என்று தமிழில் அறிவித்திருந்தோம். இந்தியில் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.